பனிமலைச் சுற்றுலா: முதல் இரவு எந்த உயரத்தில் படுக்கப் போகிறீர்கள்?

"காஷ்மீரில் குல்மார்க் போகிறோம் டாக்டர், குளிருக்கும் வாந்திக்கும் மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சில குடும்பங்களாவது காட்பாடியில் உள்ள என் கிளினிக்குக்கு வருகின்றன. டிராவல்ஸ்காரர்கள் அச்சிட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தை நான் வாங்கிப் பார்ப்பேன். விமான நேரம், வண்டி வகை, அறையில் ஹீட்டர் உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கும். நான் தேடுவது ஒன்றைத்தான்: முதல் இரவு இவர்கள் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உறங்கப் போகிறார்கள் என்பதை. அது மட்டும் எந்தத் திட்டத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் அடிக்கடி போய்வரும் ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர். குல்மார்க்கில் நீங்கள் எடுக்கும் ஓட்டல் அறையோ ஏறக்குறைய 2,650 மீட்டரில், அதாவது தொட்டபெட்டாவின் உச்சியில் கட்டில் போட்டுப் படுப்பதற்கு நிகரான உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. குல்மார்க்கின் உயரத்தில் அது சமவெளியைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அங்கிருந்து கொண்டோலா ரோப் காரில் இரண்டாம் கட்டம் வரை சென்று அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் இறங்கும்போது, ஐந்தில் இரண்டு பங்கு வரை குறைந்திருக்கும்.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். ஒரே நாளில் 2,500 மீட்டருக்கு மேல் சென்று தங்குபவர்களில் சிலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. இதுதான் உயர நோய். பெரும்பாலோர் இதைப் பயணக் களைப்பு என்றோ, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எண்ணிவிடுகிறார்கள்.

குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியருக்கும் அப்படித்தான் நேர்ந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வரில் வேலை செய்யும் மகன், பெற்றோர் வந்து இறங்கிய மறுநாளே அவர்களைப் பிரெக்கன்ரிட்ஜ் என்னும் பனிச்சறுக்கு ஊருக்கு அழைத்துச் சென்றார். டென்வர் 1,609 மீட்டர். இரண்டு மணி நேர வண்டிப் பயணத்தில் அடையும் பிரெக்கன்ரிட்ஜ் 2,926 மீட்டர். முதல் இரவு அம்மாவுக்குத் தலைவலியும் வாந்தியும். மகன் வெந்நீரும் தலைவலி மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைத்தார். மூன்றாம் இரவு, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்கியதால் பிழைத்தார். உயரத்தால் வரும் இந்த நுரையீரல் நீர்க்கோவை பெரும்பாலும் மலையேறிய இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வருவது. முதல் நாள் நன்றாக இருந்தார்களே என்ற தைரியம் அதனால்தான் இங்கே உதவாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், வறட்டு இருமல் கூடினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே கீழே இறங்க வேண்டும்.

அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவர்களுக்குப் பனியைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் செய்தது அது. டென்வரிலேயே இரண்டு இரவுகள் தங்கிவிட்டுப் போயிருந்தாலோ, அதே கொலராடோவில் சுமார் 2,050 மீட்டரில் உள்ள ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தாலோ ஆபத்து பெருமளவு குறைந்திருக்கும்.

எனவே ஊரைத் தேர்வு செய்யும்போது, பனி எங்கே அதிகம் என்பதற்கு முன்பு, படுக்கை எங்கே தாழ்வு என்று பாருங்கள். பகலில் உயரத்தில் சறுக்கிவிட்டு இரவில் தாழ்வான ஊரில் உறங்க முடிந்தால் அதுவே நல்ல ஊர். ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து தோல் வியாபாரத்திற்காக இத்தாலி செல்பவர்கள், வேலை முடிந்ததும் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போவதுண்டு. அவர்களுக்கு இந்த வசதி இயல்பாகவே அமைகிறது. சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டு ஏறக்குறைய 1,030 மீட்டர், செர்மாட் ஏறக்குறைய 1,600 மீட்டர், இத்தாலியின் கோர்ட்டினா சுமார் 1,220 மீட்டர். மேலே ஏறும் ரயிலும் ரோப் காரும் மாலையில் உங்களைக் கீழே கொண்டுவந்து விட்டுவிடும். அதே ஆல்ப்ஸில், பிரான்சில் உள்ள வால் தோரான்ஸ் 2,300 மீட்டரில் இருப்பதால் வயதானவர்களோடு செல்லும் குடும்பத்திற்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நம் நாட்டில், முதல் முறை பனியைப் பார்க்கும் குடும்பத்திற்கு நான் பெரும்பாலும் மணாலியைச் சொல்கிறேன். ஊர் 2,050 மீட்டர். சறுக்குப் பழகும் சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 2,500 மீட்டர். 2020-இல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக 3,100 மீட்டரில் உள்ள சிஸ்ஸு கிராமத்துக்கும் போகலாம், ஆனால் அங்கே இரவு தங்காமல் திரும்பிவிடுங்கள். சறுக்கு நன்றாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு குல்மார்க் சிறந்தது என்பதில் ஐயமில்லை; 1,585 மீட்டரில் உள்ள ஸ்ரீநகரில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டுச் செல்ல வேண்டும். அவசரமென்றால் பெரிய மருத்துவமனை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீநகரில் இருக்கிறது. ஆனால் பனி கொட்டும் நாளில் குல்மார்க்கின் அடிவார ஊரான தங்மார்க்குக்கு இறங்கும் சாலையில் சக்கரத்தில் சங்கிலி பூட்டாத வண்டியால் பயனில்லை. ஓட்டல்காரரிடம் அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உத்தராகண்டின் அவ்லியில் பனிச்சறுக்குச் சரிவுகள் அழகானவை; ஆனால் அதன் அடிவாரமான ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அவ்லிக்குச் செல்லும் ரோப் கார் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து ரிஷிகேஷின் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 250 கிலோமீட்டர் அளவுக்கு மலைச் சாலை. இதய நோயாளியை அங்கே அனுப்ப எனக்குத் துணிவில்லை.

தினமும் வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடப்பவருக்கும் ஜிம்முக்குப் போகும் இளைஞருக்கும் ஒரு சொல். உடற்பயிற்சி உயர நோயைத் தடுப்பதில்லை. உடம்பில் தெம்பு இருப்பதால் முதல் நாளே ஓடியாடி, இரவில் மது அருந்தி, தலைவலியை மறைத்துக்கொள்ளும் இளைஞர்களே பலமுறை சிக்கலில் மாட்டுகிறார்கள். உயர நோயைத் தடுக்கத் தரப்படும் அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை நண்பர் சொன்னார் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு அது கேடு செய்யலாம்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பெண்கள் ஹீமோகுளோபின் பரிசோதித்துக்கொள்வது நல்லது, இரத்தசோகையோடு உயரத்திற்குப் போவது இரட்டைச் சுமை. இன்சுலின் போடுபவர்கள் அதைப் பெட்டியில் வைக்காமல், உடம்போடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் குழந்தைகளுக்கும் நல்ல கறுப்புக் கண்ணாடி வேண்டும். பயணக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்காது. முழங்கால் தசைநார் கிழிவதே இந்த விளையாட்டில் அதிகம் நேரும் காயம் என்பதால், தனியாகப் பணம் கட்டியாவது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதத்தையும் யோசியுங்கள்: 2024 ஜனவரியில் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது.

சென்ற மாதம் ஆற்காட்டிலிருந்து ஏழு பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்திருந்தது. பாட்டிக்கு நெடுநாள் மூச்சுத் தொல்லை. திட்டப்படி ஸ்ரீநகரில் விமானம் இறங்கியதும் நேராகக் குல்மார்க், அங்கேயே நான்கு இரவுகள். அந்தக் காகிதத்தின் பின்புறத்தில் நாங்கள் புதிதாக எழுதினோம்: எல்லோருக்கும் முதல் இரண்டு இரவுகள் ஸ்ரீநகர்; பிறகு பிள்ளைகளும் பெற்றோரும் மட்டும் இரண்டு இரவுகள் குல்மார்க்; பாட்டி அத்தையுடன் தால் ஏரிக் கரையிலேயே தங்கிக்கொள்வார். தங்மார்க் வரை ஒரு பகல் வண்டியில் போய்ப் பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாட்டி கேட்டார். பகலில் சென்று மாலைக்குள் திரும்புவதற்கு நான் சம்மதித்தேன்.