உசாத்துணை

இலங்கையின் கிழக்கில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ ஓர் இறுதியாண்டு ஆய்வேட்டைக் கடைசிப் பக்கங்களில் விரித்தால் 'உசாத்துணை நூல்கள்' என்ற தலைப்பு நிற்கும். தமிழ்நாட்டில் இதையே பெரும்பாலும் துணைநூற்பட்டியல் என்பார்கள். உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். பழைய வழக்கில் உசாத்துணை ஒரு நூலல்ல, மனம்விட்டு யோசனை கேட்கத்தக்க நண்பன். 'ரெஃபரன்ஸ்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் அகப்படாது.

'சைட்டேஷன்' வேறு. அதன் லத்தீன் வேருக்கு அழைத்தல் என்று பொருள். நீதிமன்ற அழைப்பாணைக்கும் அச்சொல் உண்டு. நாம் மேற்கோள் என்கிறோம். மேல் + கோள். 'கொள்' நீண்டு கோளாயிற்று. ஆனால் மேற்கோள் என்றதும் இரட்டைக் குறிக்குள் வருவது மட்டுந்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிறர் கருத்தைச் சொந்த நடையில் எழுதினாலும் மூலம் சொல்லியாக வேண்டும். அதனால் 'சான்று காட்டல்' என்பதே பொருந்தும். வரிக்குள் சாட்சியை அழைப்பது சான்று காட்டல். அந்தச் சாட்சியின் பெயர், விலாசம் உசாத்துணை.

இலத்திரனியல் மூலங்களில் பிழையாகிவிடுவது விலாசம். வெறும் இணைப்பை ஒட்டினால் போதாது: எழுதியவர், ஆண்டு, தலைப்பு, தளத்தின் பெயர், அதன்பின் இணைப்பு. உள்ளடக்கம் மாறக்கூடியதென்றால் அணுகிய திகதியும் வேண்டும். ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10. என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் (கட்டுரைக்கென வழங்கப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதையே கொடுங்கள். தளம் இடம் மாறினாலும், பதிப்பாளர் புது முகவரியைப் பதிந்திருந்தால் அது கட்டுரைக்குக் கொண்டுபோய்விடும்.

தமிழ் முகவரியில் இன்னொரு தொல்லை. விக்கிப்பீடியாவின் 'மட்டக்களப்பு' பக்க முகவரியை நகலெடுத்து ஒட்டினால், அந்த ஒரு சொல் மட்டும் %E0 போன்ற சதவீதக் குறிகளாக 108 எழுத்துக்கு நீளும். மெய்ப்புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்பட 12 குறிகள்; ஒவ்வொன்றுக்கும் 9 எழுத்து. வரி முறியும் இடத்தில் ஓர் இடைவெளி புகுந்தாலே இணைப்பு செத்துவிடும். கருவிப் பட்டியலில் உள்ள நிலையான இணைப்பை எடுங்கள். அது நீங்கள் வாசித்த அன்றைய வடிவத்தையே காட்டும். அதிலும் தலைப்பு இருக்கும், ஆனால் title= பகுதியை நீக்கி oldid= எண்ணை மட்டும் விட்டாலும் இணைப்பு வேலை செய்யும். இறுதியில் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள், அதுவும் முகவரியோடு ஒட்டிக்கொள்ளும்.

வருடிய (ஸ்கேன் செய்த) நூல்களில் ஆண்டுதான் சறுக்குமிடம். காரைதீவில் பிறந்த விபுலாநந்தரின் யாழ் நூல் 1947இல் வெளியானது. கையிலிருப்பது மறுபதிப்பின் பிடிஎஃப் என்றால் மறுபதிப்பு ஆண்டையே எழுத வேண்டும். தளத்தில் ஏற்றிய ஆண்டை எழுதவே கூடாது. பக்க எண்ணும் தாளில் அச்சாகியிருப்பதுதான். திரையில் தெரியும் எண் அட்டையிலிருந்தே எண்ணத் தொடங்கியிருக்கும்.