எக்கோ ரிப்போர்ட்டின் கடைசி வரி

"அப்பாவுக்கு ஹார்ட் வீக்குன்னு வந்திருக்கு டாக்டர்."

அப்பா இன்னும் நாற்காலியில் உட்காரவில்லை, அதற்குள் மகன் ஃபைலை மேசையில் வைத்துவிட்டார். பெரியவருக்கு 70 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூச்சிரைப்பு இல்லை, நெஞ்சுவலி இல்லை, சர்க்கரை இல்லை, பிரஷரும் சரியாக இருந்தது. பிள்ளைகள் ஆசையாக மாஸ்டர் செக்கப்புக்கு அனுப்பிவைக்க, ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ சோதனை ரிப்போர்ட்டின் கடைசியில் ‘கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ (இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில் முதல் படிக் கோளாறு) என்று ஒரு வரி வந்துவிட்டது. இணையத்தில் தேடியிருக்கிறார்கள். தேடல் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ வரை போயிருக்கிறது. அன்றோடு காலை நடை நின்றது. மொட்டை மாடிக்குக்கூட ஏற விடுவதில்லை. மூன்று மாதமாக டிவி முன்னால்தான்.

"நான் நல்லாத்தான் சார் இருக்கேன். இவங்கதான் என்னை நோயாளி ஆக்கிட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. ஏன் என்று சொல்கிறேன்.

இதயத்துக்கு இரண்டு வேலை. சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும். பிறகு தளர்ந்து அடுத்த முறைக்கான ரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். தள்ளும் வேலையைத்தான் ‘இஎஃப்’ என்ற சதவீதம் காட்டுகிறது. 55, 60 என்று ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். நோயில்லாத இதயத்தில் 30 வயதிலும் 75 வயதிலும் இந்த எண் ஏறக்குறைய ஒன்றுதான். இது 100 இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் எந்த இதயமும் வெளியே தள்ளாது.

வயது கைவைப்பது தளரும் வேலையில். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன மஞ்சப்பையில் அரிசியைக் கொட்டினால் பை தானாக விரியும். அதே பை கஞ்சி போட்டு விறைத்திருந்தால் கடைக்காரர் தட்டித் தட்டித்தான் நிரப்ப வேண்டும். வயதாக ஆக இதயத் தசையின் இடையில் நார்த்தன்மை கூடுகிறது, சுருங்கிய தசை தளர எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது, பெரிய ரத்தக்குழாய்களும் விறைக்கின்றன. ஆகவே கீழறை தானாக விரிந்து வாங்கும் ரத்தம் குறைகிறது. மிச்சத்தை மேலறை சுருங்கி, அந்தக் கடைக்காரரைப் போல, தட்டி நிரப்புகிறது.

எக்கோவில் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் வைக்கும்போது இந்த இரண்டும் இரண்டு மலைகளாகத் திரையில் தெரியும். தானாக நிரம்புவது ‘இ’ அலை, மேலறை தள்ளுவது ‘ஏ’ அலை. இளம் வயதில் ‘இ’ உயரமாக இருக்கும். அறுபதுகளில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகும். எழுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு ‘ஏ’ உயர்ந்துவிடும். எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு இருபது வயதுப் பையனைப் போல ‘இ’ ஓங்கி நின்றால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். உள்ளே அழுத்தம் ஏறியிருந்தாலும் அப்படித் தெரியும்.

‘ஏ’ உயர்ந்த அந்த ஒரே காரணத்துக்காகத்தான் பல இடங்களில் ‘கிரேடு ஒன்’ என்று எழுதிவிடுகிறார்கள். பழக்கதோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் 2016ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், இஎஃப் சரியாக இருப்பவருக்கு வேறு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொன்னது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் வளையம் எவ்வளவு வேகமாக அசைகிறது, ‘இ’ அலையின் வேகத்தை அந்த வளையத்தின் வேகத்தால் வகுத்து வரும் ‘இ பை இ பிரைம்’ 14ஐத் தாண்டுகிறதா, இடது மேலறையின் கொள்ளளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 34 மில்லிக்கு மேல் போயிருக்கிறதா, வலப்பக்க வால்வுக் கசிவின் வேகம் நொடிக்கு 2.8 மீட்டருக்கு மேலா. இவற்றில் பாதிக்கு மேல் தவறினால்தான் கோளாறு. ‘இ’க்கும் ‘ஏ’க்கும் உள்ள விகிதம் இந்த நான்கில் இல்லவே இல்லை. நம் கண்டக்டருக்கு வளையத்தின் வேகம் மட்டும் கொஞ்சம் குறைவு. அதுவும் வயதோடு குறைவதுதான். மற்ற மூன்றும் சுத்தம்.

‘வால்வு தடித்திருக்கிறது’, ‘லேசான லீக்’ என்ற வரிகளும் இப்படித்தான் வீட்டைக் கலக்குகின்றன. 65 வயதைக் கடந்தவர்களில் நாலில் ஒருவருக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலிலுள்ள அயோர்டிக் வால்வு தடித்திருக்கும். அது உண்மையில் சுருங்கி வழியை அடைப்பது அதைவிட மிகக் குறைவானவர்களுக்குத்தான். தடிப்பு இருந்தால் பிரஷரையும் கொழுப்பையும் பார்த்துக்கொண்டு, சொன்ன இடைவெளியில் மறுபடி எக்கோ எடுத்தால் போதும்.

இந்த எக்கோ கருவியின் கதை விசித்திரமானது. 1953ல் ஸ்வீடனின் லண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட ஒலிக்கருவியை வைத்துத்தான் முதலில் இதயத்தைப் பார்த்தார்கள். இன்று அதே வித்தை, விரிசல் இல்லாத இடத்திலும் விரிசல் இருப்பதாகக் குடும்பங்களைக் கதிகலங்க வைக்கிறது.

பயந்தால் பரவாயில்லை, பயந்து உட்கார்ந்துவிடுவதுதான் எனக்குக் கவலை. 1966ல் அமெரிக்காவின் டாலஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட வயது அவர்கள் உடல்திறனிலிருந்து எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் எடுத்திருந்தது! அதே ஊரிலிருந்து 2018ல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. உட்கார்ந்தே வாழ்ந்த நடுத்தர வயதினர் இரண்டு வருடம், வாரம் நான்கைந்து நாள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்ததில் இதயத்தின் விறைப்பு குறைந்திருந்தது. அதாவது பெரியவரின் பிள்ளைகள் பாசத்தோடு நிறுத்தியது மருந்தை.

"நாளைக்கே பழைய தூரம் போகலாமா சார்?" என்றார். மூன்று மாதம் உட்கார்ந்த கால். முதல் வாரம் சமதளத்தில் கால் மணி நேரம், பிறகு மெதுவாகக் கூட்டுங்கள் என்றேன்.

அதே வாரம் ஓர் அம்மா வந்தார், 74 வயது. இருபது வருடமாக பிரஷர், கூடவே சர்க்கரை. இவருடைய ரிப்போர்ட்டின் முதல் வரி ‘இஎஃப் 60, நார்மல்’. வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்து நிம்மதியாகிவிட்டார்கள். ஆனால் அம்மா பூப்பறிக்கக் குனிந்தாலே இரைக்கிறது. படுக்கும்போது ஒரு தலையணை இரண்டாகி, இப்போது மூன்று. சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. "வயசாயிடுச்சுல்ல டாக்டர், அப்படித்தான் இருக்கும்" என்றார் மருமகள். ‘இ பை இ பிரைம்’ 17, இடது மேலறை நன்றாகப் பெருத்திருந்தது, கசிவின் வேகமும் அதிகம். தள்ளும் வேலை சரியாக நடந்தும் நிரம்பும் வேலை கெட்டுப்போன இதயச் செயலிழப்பு இது. நீர் பிரியும் மாத்திரையும், முதலில் சர்க்கரைக்கென்று வந்து இப்போது இதயத்துக்கும் தரப்படும் இன்னொரு மாத்திரையும் கொடுத்து, பிரஷரையும் கட்டுக்குள் கொண்டுவந்தோம். மூன்று வாரத்தில் ஒரு தலையணைக்குத் திரும்பினார்.

அவரிடம் நான் கேட்டு வாங்க முடியாமல் போனது ஒன்றுதான். நாலைந்து வருடம் முன்பு எடுத்த எக்கோ ரிப்போர்ட். வீடு வெள்ளையடிக்கும்போது பழைய காகிதங்களோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அது இருந்திருந்தால் மேலறை எப்போதிலிருந்து பெருக்கத் தொடங்கியது என்று பார்த்திருக்கலாம். எக்கோவுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்து வாருங்கள், அதில் ‘நார்மல்’ என்றே போட்டிருந்தாலும்.