பூஸ்டர் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்

மறுபடியும் ஒரு வீடு, மறுபடியும் அதே கதை. படம் விட்டுவிட்டுக் கட்டம் கட்டமாக உடைகிறது என்று முதலில் ஒரு பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் பெட்டி, வாங்கியிருக்கிறார்கள். சரியாகவில்லை. அப்புறம் செட்-டாப் பாக்ஸை மாற்றியிருக்கிறார்கள். அதுவும் உதவவில்லை என்றதும் டிவியையே மாற்றிவிட்டார்கள். புது டிவியிலும் அதே திக்கல். மாடிக்குப் போய், டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடித்துக் கேபிளில் அனுப்பும் எல்என்பியில் மாட்டியிருந்த கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர். கேபிளின் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. கெட்டுப்போன நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டதும் படம் தெளிந்துவிட்டது. அந்தப் பழைய டிவியில் ஒரு குறையும் இருந்திருக்காது.

டிவியைச் சந்தேகிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். படம் உடையும் அந்த நேரத்தில் ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். எழுத்துகள் தெளிவாக வந்து, பின்னால் படம் மட்டும் உடைந்தால் திரை நன்றாகத்தான் இருக்கிறது. படம் உடையாமல் திரை மொத்தமும் ஒரு நொடி கறுத்து மீண்டும் வந்தால், பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவே இருக்கும் எச்டிஎம்ஐ கேபிளை அசைத்துப் பாருங்கள்.

இனி பூஸ்டர். ‘சிக்னல் வீக்காக இருக்கிறது, பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பாக்ஸின் மெனுவில் சிக்னல் பகுதிக்குப் போனால் இரண்டு அளவுகள் இருக்கும்: ஒன்று வலிமை, இன்னொன்று தரம். எல்லோரும் வலிமையைப் பார்த்துவிட்டு ‘சிக்னல் ஃபுல்லாக இருக்கிறதே’ என்கிறார்கள். நான் பார்ப்பது தரத்தை. சிக்னலோடு கலந்துவரும் வேண்டாத அலைகளான இரைச்சலும் சேர்ந்துதான் வலிமைக் கோட்டை நிரப்புகிறது. பூஸ்டர் சிக்னலையும் இரைச்சலையும் ஒன்றாகவே பெருக்கும். சந்தைக்கூச்சலில் ஒருவர் முணுமுணுப்பதை மைக் வைத்துப் பெரிதாக்கினால் கூச்சலும்தான் பெரிதாகும். வந்து சேரும்போதே கெட்டிருக்கும் சிக்னலைப் பாக்ஸின் பக்கத்தில் வைத்த எந்தப் பெட்டியாலும் நல்லதாக்க முடியாது. போதாக்குறைக்கு, சிக்னல் அளவுக்கு மீறிப் பெருகினால் பாக்ஸ் திணறி, அதனாலேயே படம் உடையும். நீளமான கேபிளில் வழியில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டத்தான் பூஸ்டர். அதை மாட்ட வேண்டிய இடமும் டிஷ் அல்லது ஆன்டெனாவின் அருகில்தான்.

பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளிகள் கூடிக்கொண்டே வரும், முன்கூட்டியே தெரிந்துவிடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஓர் எல்லை வரைக்கும் பிழைகளைப் பாக்ஸே திருத்திவிடும், படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் சட்டென்று உடையும். விட்டுவிட்டு வருகிறது என்றால் நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள் என்று பொருள். எது தள்ளிவிடுகிறது என்று கண்டுபிடிக்க, எப்போது போகிறது என்பதைக் குறித்து வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கனமழை கொட்டும்போது டிஷ் சிக்னல் சிறிது நேரம் போவது இயல்பு. டிஷ்ஷுக்கு வரும் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். ஆனால் மழை விட்டுப் பல மணி நேரமாகியும் வரவில்லை என்றால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். காற்றடித்தால் போகிறதா? டிஷ்ஷின் நட்டு தளர்ந்திருக்கலாம், மரக்கிளை வளர்ந்து குறுக்கே வந்திருக்கலாம். ஓரிரு டிகிரி திரும்பினாலே போதும், தரம் விழுந்துவிடும். மார்ச்சை ஒட்டியும் செப்டம்பர், அக்டோபரை ஒட்டியும் சில நாட்கள் பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் போனால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. ஒன்றும் செய்யாதீர்கள், தானே சரியாகும்.

பக்கத்து அறையில் டிவி போட்டால் இங்கே சில சேனல்கள் போகின்றனவா? ஒரே கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரில் பிரித்து இரண்டு பாக்ஸுக்குக் கொடுத்திருப்பார்கள். பாக்ஸ் எல்என்பிக்கு 13 வோல்ட் அனுப்பினால் ஒரு வகைச் சேனல்கள், 18 வோல்ட் அனுப்பினால் இன்னொரு வகை. இரண்டு பாக்ஸும் ஆளுக்கொன்று கேட்டால் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். இரட்டை எல்என்பி போட்டுத் தனித்தனிக் கேபிள் இழுங்கள்.

கனெக்டரைக் கழற்றும் முன் பாக்ஸின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள், கேபிளில் அந்த வோல்டேஜ் ஓடிக்கொண்டிருக்கும். கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னலின் ஒரு மயிரிழை அந்த நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். வெளியில் இருக்கும் இணைப்பில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள், வெயிலில் கழன்று தண்ணீரைத் தேக்கிவைக்கும். ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஈரமான கூரையில் மட்டும் தயவுசெய்து ஏறாதீர்கள். மின்கம்பி அருகில் இருந்தால் டிஷ்ஷைத் தொடவே தொடாதீர்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு கேபிளைக் கழற்றப் போகாதீர்கள், வானம் இருட்டும்போதே கழற்றிவிடுங்கள். மற்ற வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் எந்தெந்தச் சேனல், எந்த நேரம், அப்போது தரம் எவ்வளவு காட்டியது என்று சொல்லுங்கள். பூஸ்டரிலிருந்து பேச்சை ஆரம்பித்தால், முதலில் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.