ரத்தம் உறையாததற்குக் காரணம் குறையா, எதிரியா?

ஏழு வயது மகனின் பரிசோதனை அறிக்கையைக் குறிப்பிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஏபிடிடி 82 வினாடி என்றும், கலப்புச் சோதனையில் சீரானது என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?"

இல்லை அம்மா. ஏபிடிடி என்பது ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கும் சோதனை. சீரானது உங்கள் மகனின் ரத்தம் அல்ல, ஆய்வகக் குழாயில் இருந்த கலவை. ஆனால் அந்த ஒரு வரியில் நிறையச் செய்தி இருக்கிறது.

ரத்தம் உறைய, காரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்து ரத்தம் எளிதில் உறையாமல் போகும் நோய்தான் ஹீமோஃபிலியா: எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா பி.

ஏபிடிடி சோதனைக்கு வெளிர்நீல மூடியிட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்கள். உள்ளே இருக்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் இருக்கிறது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குழாய் கோடு வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, நல்ல ரத்தமும் தாமதமாக உறைவதாகக் காட்டிவிடும். பிள்ளை அழுகிறானே என்று பாதியில் நிறுத்திய குழாயை ஆய்வகம் திருப்பி அனுப்பினால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறகு குழாயைச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் பிளாஸ்மாவை எடுத்து, 37 டிகிரியில் தூண்டுபொருள் சேர்த்து, கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்து நேரம் பார்க்கிறார்கள். பொதுவாக 25 முதல் 35 வினாடிக்குள் உறைந்துவிட வேண்டும்.

தாமதமானால்? காரணியே இல்லாமல் இருக்கலாம். அல்லது காரணி இருந்தும் ஏதோ ஓர் எதிர்ப்பொருள் அதை முடக்கலாம். வினாடிக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிரித்தறியும் வழி அவ்வளவு எளிது, அவ்வளவு அழகு: நோயாளியின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவைச் சம அளவு கலக்கிறார்கள். நோயாளியிடம் எட்டாம் காரணி துளியும் இல்லாவிட்டாலும் கலவையில் 50 சதவீதம் வந்துவிடும். உறைய அது தாராளம், நேரம் சீராகிவிடும். எதிர்ப்பொருள் இருந்தாலோ, புதிதாக வந்த காரணியையும் அது முடக்கும். நேரம் நீண்டபடியே இருக்கும். எட்டாம் காரணியைத் தாக்கும் எதிர்ப்பொருள் நிதானமாக வேலை செய்வது. கலந்தவுடன் சீரானதுபோலத் தோன்றி, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்த பிறகே குணத்தைக் காட்டும். அதனால்தான் இருமுறை பார்க்கிறார்கள்.

இதே கலக்கும் உத்திதான் ஹீமோஃபிலியா ஒரே நோய் அல்ல என்பதையும் காட்டியது. ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தம் இன்னொரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தத்தை உறையவைப்பதை 1947இல் புவனோஸ் ஐரிஸில் மருத்துவர் பாவ்லோவ்ஸ்கி கவனித்தார். இருவருக்கும் குறை ஒன்றே என்றால் அது நடக்கவே நடக்காது. 1952இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸ் குழுவினர் இரண்டாவது வகையை விவரித்து, ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ் என்ற சிறுவனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்றைய ஹீமோஃபிலியா பி அதுதான்.

முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கிய குழந்தைக்குக் குலசாபம் என்று தாயத்துக் கட்டுவதும், எண்ணெய் தேய்த்து நீவுவதும் இன்னும் நடக்கிறது. நீவினால் கசிவு கூடும், மூட்டு கெடும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஐந்து ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளுக்கு மரபணு சிகிச்சை அளித்த முடிவுகள் 2024இல் வெளியாயின, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தால்தானே சிகிச்சை? மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் உறைதல் ஆய்வகம் நன்றாக நடக்கவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

வாசகிக்கு: உங்கள் மகனுக்கு ஏதோ ஒரு காரணி குறைவு என்றே இந்த முடிவு சொல்கிறது. எது, எவ்வளவு என்பதைக் காரணிகளைத் தனித்தனியே அளந்து சொல்வார்கள். எட்டாம் காரணிதான் என்றால் இதையும் நினைவில் வையுங்கள்: அதை ஊசியாக ஏற்றிக்கொள்ளும் சிலருக்கு நாளடைவில் எதிர்ப்பொருள் உருவாகிறது. ஊசி போட்டும் கசிவு நிற்கவில்லை என்றால், எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மீண்டும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.