ஒருங்கிணைப்பாளர் எதை ஒருங்கிணைக்கிறார்?

சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு தொடர்: ‘வெளிநாடுகளுக்கான ஒருங்கிணைந்த சுகாதார உதவித் திட்டங்களை ஒருங்கிணைக்கும் ஒருங்கிணைப்பாளர்.’ மூலத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முதல் சொல் இன்டக்ரேட்டட். மற்ற இரண்டும் கோஆர்டினேட்டின் பிள்ளைகள். மொழிபெயர்த்தவரைக் கேட்டதற்கு, “இரண்டுக்கும் அகராதியில் அதுதானே இருக்கிறது” என்றார். இருக்கிறதுதான். வழக்கே அங்கேதான் தொடங்குகிறது.

லத்தீனில் ‘ஓர்டோ’ என்றால் வரிசை, ‘கோ’ என்றால் உடன். பலவற்றை ஒன்றுக்கொன்று பொருந்த நிறுத்துவது கோஆர்டினேஷன். ‘இன்டிஜர்’ என்பது தொடப்படாதது, உடையாத முழுமை. பலவற்றை ஒன்றாக்குவது இன்டக்ரேஷன். முன்னதில் பல பலவாகவே இருக்கும். பின்னதில் ஒன்றுதான் மிஞ்சும்.

நம் ‘ஒருங்கு’ எந்தப் பக்கம்? ‘பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி’ என்கிறது குறள் 733. சுமையெல்லாம் ஒருசேர வந்து விழுவது அங்கே ஒருங்கு. ‘வேண்டிய எல்லாம் ஒருங்கு’ என்னும் 343-லும் முழுவதும், ஒருசேர என்பதே பொருள். இதோடு ‘இணைப்பு’ என்று ஓர் ஒட்டும் சேர்ந்தால் ஒன்றாக்குதல் என்பதைத் தவிர வேறென்ன தோன்றும்? ஒருங்கிணைப்பு இன்டக்ரேஷனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைக் கோஆர்டினேஷனுக்கும் மாட்டிவிட்டோம்.

மாட்டினால் என்ன குடிமுழுகிவிடும் என்பவர்கள் அயல்நாட்டு நலவாழ்வு உதவி பற்றிய செய்திகளைத் தமிழில் படித்துப் பார்க்கட்டும். 2003-இல் அமெரிக்கா பெப்ஃபார் என்னும் எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தைத் தொடங்கியபோது, வெளியுறவுத் துறையில் உலக எய்ட்ஸ் பணிக்கென்று ஒரு கோஆர்டினேட்டர் பதவியைச் சட்டத்தால் உருவாக்கியது. அயல்நாட்டு உதவிக்கான அரசு நிறுவனம் யுஎஸ்எய்டு தனி, நோய்க் கட்டுப்பாட்டு மையம் தனி, பாதுகாப்புத் துறை தனி. யார் எந்த நாட்டில் எதைச் செய்வது, பணம் எப்படிப் பிரிவது என்று பார்ப்பது அந்தப் பதவியின் வேலை. யாரும் யாரோடும் கரையவில்லை. 2025-இலோ யுஎஸ்எய்டு கலைக்கப்பட்டு, எஞ்சிய பணிகள் வெளியுறவுத் துறைக்குள் போயின. பிரிட்டனில் 2020-இலும் ஆஸ்திரேலியாவில் 2013-இலும் உதவிக்கென்றிருந்த தனி அமைப்புகள் வெளியுறவுத் துறையோடு இணைக்கப்பட்டன. இவையும் ‘ஒருங்கிணைப்பு’, 2003-இல் நடந்ததும் ‘ஒருங்கிணைப்பு’ என்றால், ஒரு நிறுவனம் பிழைத்ததா, மறைந்ததா என்பதைக்கூட வாசகர் அறிய வழியில்லை.

உலகச் சுகாதார அமைப்பின் சாசனம் அதன் முதற்பணியாகச் சொல்வதும் பன்னாட்டு நலவாழ்வுப் பணியை நெறிப்படுத்தி, கோஆர்டினேட் செய்யும் அதிகார அமைப்பாக இருப்பதே. நாடுகளின் நலவாழ்வுத் துறைகளையெல்லாம் சேர்த்து ஒன்றாக்கும் உரிமையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. (‘சுகாதாரம்’ துப்புரவுக்கும் நலவாழ்வுக்கும் சேர்த்து உழைப்பது வேறு சங்கடம். பெயராக நிலைத்துவிட்ட இடத்தில் அதைத் தொட நான் துணியவில்லை.)

சரி, மாற்று என்ன? ‘ஒத்திசைவு’ என்கிறார்கள் தனித்தமிழ் நண்பர்கள். காதுக்கு இனிமைதான். ஆனால் இதே துறையில் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உண்டு. உதவியின் பயனுறுதி குறித்த 2005 பாரிஸ் பிரகடனம் ஐந்து கொள்கைகளைச் சொன்னது. அவற்றில் ஒன்று ஹார்மனைசேஷன்: கொடுக்கும் நாடுகள் தங்கள் நடைமுறைகளை ஒரே மாதிரியாக்கிக்கொள்வது. ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஆய்வுக்குழு என்று பெறும் நாட்டின் அதிகாரிகளை அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காக வந்தது அது. 2010-க்குள் கள ஆய்வுப் பயணங்களில் 40 விழுக்காடாவது கூட்டாக நடக்க வேண்டும் என்று இலக்கே வைத்தார்கள். ஒத்திசைவு அதற்குத்தான் பொருந்தும். இன்னொரு குறை: ஒத்திசைவு தானாக நிகழ்வது. இரண்டு தந்திகள் ஒத்திசையும். உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்விக்கும் ஆள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ‘ஒத்திசைப்பாளர்’ என்றால் கச்சேரி மேடைதான் நினைவுக்கு வருகிறது.

‘நிரல்’ என்றால் வரிசை. ‘உடன்நிரல்’ லத்தீனுக்கு மிக நெருக்கம். என்ன செய்ய, நிரலைக் கணினிக்காரர்கள் புரோகிராமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேதியியலாரைப் பாராட்ட வேண்டும்: தங்கள் கோஆர்டினேஷனுக்கு ‘அணைவு’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கணிதத்தில் ஆயத்தொலைவு. நிர்வாகத் தமிழுக்குத்தான் இந்தச் சோம்பல்.

என் பரிந்துரை ‘ஒத்தியக்கம்’. ஒத்து இயங்குவது, ஒத்து இயக்குவது இரண்டுக்கும் வினை கிடைக்கிறது. ஒத்தியக்குநர் என்று ஆளும் கிடைக்கிறார். ‘இயக்கம்’ கட்சியையும் போராட்டத்தையும் நினைவூட்டுகிறதே என்றார் ஒருவர். உண்மை. ஆனாலும் பொருளைத் தலைகீழாக்கும் சொல்லைவிட, கொஞ்சம் கொடி பிடிக்கும் சொல் மேல்.

அதையும்விட எனக்குப் பிடித்தது சொல்லே இல்லாத வழி. ‘கொடையாளர் ஒருங்கிணைப்பு மேற்கொள்ளப்பட்டது’ என்று எழுதுவதற்குப் பதில் ‘யார் எதைத் தருவது என்று கொடையாளர்கள் பேசிப் பிரித்துக்கொண்டார்கள்’ என்று எழுதினால் போதும். பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் என்று வைத்துவிட்டு ‘மேற்கொள்ளப்பட்டது’ என்று வாலை ஒட்டிவிடுகிறார்கள். தமிழ் வினையில் வாழும் மொழி என்பதை மொழிபெயர்ப்பாளர்களிடம் யாரும் சொல்லவே இல்லைபோலும்.

அந்த மெய்ப்பில் பின்னிரண்டு சொற்களை மட்டும் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். இரண்டாம் மெய்ப்பு போன வாரம் வந்தது. ‘ஒத்தியங்கும் சுகாதார உதவித் திட்டங்களை ஒத்தியக்கும் ஒத்தியக்குநர்.’ மூன்றையும் மாற்றியிருந்தார்கள்.