கூட்டு மதிப்பீட்டுக் குழு: க்ரீ நிலத்தில் ‘உறுப்பினர்’ என்றால் யார்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஜேம்ஸ் விரிகுடாவுக்குக் கிழக்கே உள்ள இரண்டு லித்தியம் சுரங்கத் திட்டங்களுக்குக் கூட்டரசு, அதாவது கனடாவின் மத்திய அரசு, அனுமதி தந்தது. ரோஸ் திட்டத்துக்கு 2021இல், ஜேம்ஸ் பே திட்டத்துக்கு 2023இல். அதற்கு முன் இரண்டையும் ஆராய்ந்து அறிக்கை எழுதிய அமைப்பின் பெயர் ‘ஜாயின்ட் அசெஸ்மென்ட் கமிட்டி’. அதில் ஒரு பக்கம் கனடா அரசின் தாக்க மதிப்பீட்டு முகமையைச் சேர்ந்தவர்கள், மறுபக்கம் அந்த நிலத்தின் பூர்வகுடிகளான க்ரீ மக்களின் அரசு அனுப்பியவர்கள்.

இதைத் தமிழில் எழுதப்போனால் கை தானாக ‘கூட்டு ஆலோசனைக் குழு’ என்று எழுதிவிடும். பழங்குடிகளை அரசு கூப்பிட்டு உட்கார வைத்தால் அது ஆலோசனைக்குத்தான் என்று நமக்குப் பழகிவிட்டது. இங்கே அந்தச் சொல் தவறு. ஆலோசனையில் ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்டுக்கொள்வார், முடிவாக என்ன எழுதுவது என்பது கேட்டவர் கையில் இருக்கும். இந்தக் குழுவிலோ க்ரீ தரப்பும் சேர்ந்துதான் அறிக்கையை எழுதியது.

‘அசெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், லத்தீனில் ‘பக்கத்தில் உட்காருதல்’ என்ற பொருளுள்ள வினை. நீதிபதியின் அருகில் அமர்ந்து, இவருக்கு இவ்வளவு வரி என்று கணிக்க உதவியவரிடமிருந்து இன்றைய பொருள் வந்தது. தமிழில் ‘மதிப்பீடு’ என்பது அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ‘மதி’ என்ற வினைக்கு அளவிட்டு அறிதல், பெருமைப்படுத்துதல் என்று இரண்டு பொருளும் உண்டு. ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ என்ற தொடரும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் புதிதாக ஒன்றும் உருவாக்க வேண்டியதில்லை. ‘கமிட்டி’க்கு நம்மிடம் ‘வாரியம்’ என்ற அருமையான பழஞ்சொல் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பேசுகிறது. ஆனால் மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று அது இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டது. ஆகவே குழு என்றே வைத்துக்கொள்ளலாம்: கூட்டு மதிப்பீட்டுக் குழு.

சரி, ‘கூட்டு’ எங்கிருந்து வந்தது? அதற்கு 1971க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் கியூபெக் முதல்வர் ராபர்ட் பூராசா, ஜேம்ஸ் விரிகுடா நதிகளில் மாபெரும் நீர்மின் திட்டம் வரப்போகிறது என்று அறிவித்தார். அந்த நதிக்கரைகளில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழும் க்ரீ மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கள் நிலத்தை அவர்கள் ‘ஈயூ இஸ்ச்சி’ என்கிறார்கள், ‘மக்களின் நிலம்’ என்று பொருள். க்ரீகளும், வடக்கே வாழும் இன்னொரு பூர்வகுடியினரான இனூயிட்டுகளும் நீதிமன்றம் போனார்கள். 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆனாலும் அந்த வழக்கு அரசைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்தது. 1975 நவம்பர் 11 அன்று ஜேம்ஸ் விரிகுடா, வட கியூபெக் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவில்தான் இந்தக் குழுக்களின் விதை இருக்கிறது. க்ரீ நிலத்தில் வரும் பெரிய திட்டங்களை ஆராயும் குழுக்களில் க்ரீகளுக்கு இத்தனை இடம் என்று அந்தப் பிரிவு எண்ணிச் சொல்கிறது. ஒரு திட்டத்துக்கு ஆய்வு தேவையா, அந்த ஆய்வில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரையறுக்கும் குழு ‘கோமெவ்’. அதில் கனடா 2, கியூபெக் 2, க்ரீ அரசு 2 என ஆறு பேர். மாகாண அதிகாரத்துக்குள் வரும் திட்டங்களின் தாக்க அறிக்கையை அலசும் குழு ‘கோமெக்ஸ்’. அதில் கியூபெக் நியமிக்கும் மூவர், க்ரீ அரசு நியமிக்கும் இருவர். இரண்டும் பிரெஞ்சுப் பெயர்களின் சுருக்கம், முன்னது மதிப்பீட்டுக் குழு, பின்னது ஆய்வுக் குழு. மூன்றுக்கு இரண்டு என்பது சமபங்கு இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த இரண்டு இடங்கள் எந்த அமைச்சரின் தயவிலும் இல்லை. ஒப்பந்தம் கொடுத்தவை அவை. உறுப்பினர் என்ற சொல்லுக்கு அங்கே எடை வருவது அதனால்தான்.

அப்படியானால் லித்தியம் சுரங்கங்களுக்குப் புதிதாக ஒரு கூட்டுக் குழு ஏன்? இதற்குப் பின்னால் லாக் டோரே என்ற இடத்தில் வனேடியம் என்ற உலோகத்தைத் தோண்டும் சுரங்கம் பற்றிய வழக்கு இருக்கிறது. ஒப்பந்தப்படி மாகாண ஆய்வு நடந்தால் போதுமா, கனடாவின் பொதுச் சுற்றுச்சூழல் சட்டப்படியும் ஓர் ஆய்வு வேண்டுமா என்பது அதில் கேள்வி. 2010இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மீன்வளச் சட்டத்தின் அனுமதி தேவைப்படும் இடத்தில் கூட்டரசு ஆய்வும் வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் அந்தப் பொதுச் சட்டம் ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பது. அதன்படி நடக்கும் ஆய்வில் க்ரீகளிடம் கலந்தாலோசிக்க வேண்டிய கடமை உண்டு, கோமெக்ஸில் இருப்பதுபோல் உறுப்பினர் நாற்காலி இல்லை. அந்த இடைவெளியை 2019இல் தாக்க மதிப்பீட்டு முகமையும் க்ரீ அரசும் செய்துகொண்ட உடன்பாடு நிரப்பியது. கூட்டு மதிப்பீட்டுக் குழு அப்படித்தான் பிறந்தது. கோமெக்ஸின் மாகாண ஆய்வு தனியாக நடந்தது.

இந்தக் குழுக்கள் எவையும் அனுமதி வழங்குவதில்லை. கோமெக்ஸ் பரிந்துரைக்கும், மாகாண நிர்வாகி முடிவெடுப்பார். கூட்டுக் குழு அறிக்கை தரும், கூட்டரசின் அமைச்சர் முடிவெடுப்பார். ஆகவே ‘ஆணையம்’ என்று எழுதினாலும் பிழை, இல்லாத அதிகாரத்தை அது ஏற்றிவிடும். ‘பிரதிநிதிகள்’ என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பிரதிநிதி ஒரு தரப்புக்காகப் பேசுபவர். இங்கே உட்காருபவர் நீரோட்டக் கணக்கையும் பாறைக் கழிவின் வேதியியலையும் மற்றவர்களோடு சேர்ந்து அலசி, வரும் முடிவுக்குத் தானும் பொறுப்பேற்பவர். உறுப்பினர் என்பதே சரி.

இன்னொரு சொல்லையும் இங்கே பார்க்க வேண்டும். குழுவின் ஆவணங்களைப் புரட்டினால் ‘டாலிமேன்’ என்பவர் அடிக்கடி வருவார். நேராகப் பெயர்த்தால் ‘கணக்கர்’. அந்தப் பெயர், ஆற்றில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்குக்குக் காப்பகங்கள் ஏற்பட்ட காலத்தது. பீவர்கள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போனபோது, ஒவ்வொரு வேட்டைநிலத்திலும் எத்தனை பீவர் வீடுகளில் உயிர் இருக்கிறது என்று எண்ணிச் சொல்பவருக்கு வெளியார் வைத்த பெயர் அது. க்ரீ மொழியில் அவர் ‘ஊச்சிமாவ்’, தலைவர். வழிவழியாக வந்த தன் வேட்டைநிலத்தில் யார், எப்போது, எதை, எவ்வளவு பிடிக்கலாம் என்று மேற்பார்வை செய்பவர். கணக்கர் என்று எழுதினால் அவரைக் குமாஸ்தா ஆக்கிவிடுவோம். ‘வேட்டைநிலத் தலைவர்’ என்பது என் பரிந்துரை.

சுரங்கம் வருவது இப்படிப்பட்ட ஒருவரின் நிலத்தில்தான். எந்த ஓடையில் மீன் முட்டையிடும், வசந்தத்தில் காட்டு வாத்துகள் எங்கே இறங்கும், மூஸ் மான்கள் குளிர்காலத்தில் எங்கே ஒதுங்கும் என்பது அவருக்குத் தெரியும். க்ரீ ஊர்களான ஈஸ்ட்மெயினிலோ நெமாஸ்காவிலோ குழு அவரிடம் இதையெல்லாம் கேட்டால், அந்த இடத்தில் ‘கருத்துக்கேட்பு’, ‘ஆலோசனை’ என்று தாராளமாக எழுதலாம்.