செம்பருத்தி சோப்பு ஏன் சிவப்பதில்லை?

செம்பருத்தியை அரைத்துச் சேர்த்தால் சோப்பு சிவக்கும், சங்குப்பூவைச் சேர்த்தால் நீலமாகும் என்ற நம்பிக்கையோடுதான் பலரும் கையால் சோப்பு செய்ய இறங்குகிறார்கள். அச்சைத் திறந்தால் இருப்பதோ மங்கிய பழுப்பு. பூவின் தரத்தில் குறையில்லை. சோப்பு உருவாகும் விதமே அப்படி.

எண்ணெயும் காஸ்டிக் சோடா என்ற கடுங்காரமும் வினைபுரிந்து சோப்பையும் கிளிசரினையும் தருகின்றன. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவார்கள். அப்போது கொஞ்சம் எண்ணெய் மிஞ்சித் தோலுக்கு இதமாக இருக்கும். வினை ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பின் நான்கு முதல் ஆறு வாரம் உலர விடுவது முக்கியமாக நீர் வற்றிக் கட்டி இறுகத்தான். ஆனால் காஸ்டிக் சோடா தீர்ந்த பிறகும் சோப்பு காரத்தன்மை உடையதுதான்: அதன் பி.எச். அளவு (7-க்கு மேல் போனால் காரம்) 9 முதல் 10 வரை இருக்கும். செம்பருத்திக்கும் சங்குப்பூவுக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின் இந்தக் காரத்தில் பச்சையாகி, மஞ்சளாகி, சிதைந்து பழுப்பாகிறது.

மஞ்சளின் கதை இன்னும் சுவையானது. கெட்டிப்படத் தொடங்கிய கலவையில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் தூவினால், விழுந்த இடம் செங்கல் நிறமாகிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வினைதான். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் மூலக்கூறு காரத்தில் ஹைட்ரஜன் அயனியை இழந்து, ஒளியை வேறுவிதமாக உறிஞ்சுகிறது. எண்ணெய் காரத்தைத் தின்னத் தின்ன அந்தச் சிவப்பு இறங்கி, கட்டி உலரும்போது ஆரஞ்சு கலந்த மஞ்சளில் வந்து நிற்கிறது. ஆகவே, கலக்கும்போது தெரியும் நிறத்தை வைத்து ஒருபோதும் முடிவு செய்யக் கூடாது.

காரத்துக்கு அசையாதவையும் இருக்கின்றன. காவிக்கல்லின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அது காரத்தில் கரையாது. வெண்களிமண்ணும் கரித்தூளும் அப்படியே. அவுரியிலிருந்து எடுக்கும் நீலம் நீரிலும் எண்ணெயிலும் கரையாத துகள் என்பதால் நீலமாகவே நிற்கிறது. வெண்ணெய்க்கு மஞ்சள் நிறம் ஏற்றும் அனட்டோ விதையை எண்ணெயில் ஊறவைத்து வடித்தால் நல்ல மஞ்சள் கிடைக்கும்.

இயற்கையைச் சோப்பில் காட்ட விரும்புகிறவருக்கு என் யோசனை: பூவை விட்டுவிட்டு நிலத்தைப் பாருங்கள். வெட்டிய மண்மேட்டில் தெரியும் செம்மண், வெண்மண், கரும்படிவ அடுக்குகளைக் காவி, வெண்களிமண், கரித்தூள் கொண்டு அச்சு அசலாகக் கொண்டுவரலாம். ஓர் அடுக்கு அடுத்ததைத் தாங்கும் பதத்துக்கு இறுகிய பிறகே மேலே ஊற்ற வேண்டும். முந்தினால் இரண்டும் கலந்துவிடும். அதற்காக அவசரப்பட்டுச் சூடேற்ற வேண்டாம்.

வேப்பிலைப் பச்சைக்குப் பகை வெளிச்சம். பச்சையம் ஒளியில் சிதைந்து பழுப்பாகும், மஞ்சளும் வெளுக்கும். விற்பனைக்குச் செய்கிறவர்கள் ஒரு துண்டை வெட்டி, பாதியைத் தடித்த காகிதத்தால் மூடிச் சில வாரம் ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பாதியும் ஒரே நிறத்தில் இருந்தால்தான் அந்தச் சேர்மானத்தைக் கடைக்கு அனுப்பலாம்.